பெட்டி பூட்டியவர்கள்

ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் நகரின் யூனியன்வில்லில் இருந்துகொண்டு கணினித் தொழிலின் கதை சொல்பவர்கள் பெரிய கட்டடங்களைத்தான் காட்டுவார்கள். ஸ்டீல்ஸ் அவெனியூவில் ஐபிஎம் கனடாவின் தலைமையகம், வார்டன் வீதியில் 2001இல் திறக்கப்பட்ட அதன் மென்பொருள் ஆய்வுகூடம், கொமேர்ஸ் வேலியில் ஏ.டி.ஐ. எனக்குத் தெரிந்த கதை அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால், நெடுஞ்சாலை 7க்கும் ஸ்டீல்ஸுக்கும் இடையில் வரிசையாக நிற்கும் ஒற்றைமாடித் தொழிற்கூடங்களில் நடந்தது. முன்பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு, பின்பக்கம் லொறி வந்து நிற்க ஓர் இழுகதவு, நடுவில் நீட்டு மேசைகள். தைவானிலிருந்து வரும் மதர்போர்டும் பவர் சப்ளையும், சிங்கப்பூரிலிருந்து வரும் ஹார்ட் டிஸ்க்கும் அந்த மேசைகளில்தான் கணினியாகும். பெயர் பொறிக்காத வெள்ளைப் பெட்டிகளாக அவை ரொறன்ரோவின் கொலிஜ் வீதிக் கடைகளுக்கும், ஸ்காபரோவின் கணக்காளர் அலுவலகங்களுக்கும், தூரத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் போகும். நாங்கள் அந்த வேலையைப் 'பெட்டி பூட்டுறது' என்போம்.

1989இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த என்னை முதலில் திருப்புளியோடு உட்காரவைத்தார்கள். பிறகு சோதனை மேசைக்கு மாற்றினார்கள். பூட்டி முடித்த ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்ப்பது, நினைவகத்தைச் சோதிப்பது, டொஸ் ஏற்றுவது, கடைசியில் பின்பக்கத்தில் தேதியிட்ட உத்தரவாத ஸ்டிக்கரை ஒட்டுவது. ஸ்டிக்கர் ஒட்டுகிறவள்தான் 'இது நல்ல பெட்டி' என்று வாங்குபவருக்குச் சொல்கிறவள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். சின்ன அலுவலகங்கள் எந்த விற்பனையாளரிடம் கணினி வாங்கலாம் என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் மிச்சமிருக்கும் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. பெரிய கம்பனி என்றால் பாதுகாப்பு, சின்னக் கம்பனி என்றால் ஆபத்து, அப்படித்தானே? நான் பார்த்த வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர்கள் பலர் சின்னவர்களாகத் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். கொமடோர் நிறுவனத்தின் ஜாக் ட்ராமியெல் 1950களில் ரொறன்ரோவில் தட்டச்சு இயந்திரம் இறக்கி விற்றவர். நாஜி வதைமுகாம்களில் தப்பிப் பிழைத்த போலந்து யூதர். பின்னாளில் கொமடோர் உலகமெல்லாம் கணினி விற்றபோது அதன் கனடா அலுவலகம் ஸ்டீல்ஸுக்குச் சற்றுத் தெற்கே ஃபார்மசி அவெனியூவில் இருந்தது. 1985இல் க்வோக் யுவென் ஹோ, லீ லாவ், பென்னி லாவ், ஃபிரான்சிஸ் லாவ் என்ற நான்கு குடியேறிகள் தொடங்கிய ஏ.டி.ஐ, ஆரம்பத்தில் கொமடோருக்குச் சில்லு செய்து கொடுத்துத்தான் பிழைத்தது. அப்போது ஏ.டி.ஐயும் ஒரு சின்ன விற்பனையாளர்தான். 2006இல் ஏஎம்டி அதை 540 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. இடையிலுள்ள இருபது ஆண்டுகளில் அவர்களுடைய கார்டுகள் எங்கள் மேசையில் மலைபோல் குவிந்து கிடந்தன.

பாதுகாப்பு என்ற பேச்சு எங்கள் மேசைக்கு ஃபிளாப்பி வட்டோடு வந்தது. ஐபிஎம் வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸை எழுதியவர்களே சின்னக் கணினிக் கடைக்காரர்கள்தான். லாகூரில் 'பிரெயின் கம்ப்யூட்டர் சேர்விசஸ்' நடத்திய பாசித் ஃபரூக் அல்வி, அம்ஜத் ஃபரூக் அல்வி என்ற சகோதரர்கள். ஆண்டு 1986. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைக் களவாகப் பிரதி எடுப்பவர்களைப் பிடிக்கவே அதைச் செய்ததாகச் சொன்னார்கள். வைரஸுக்குள் தங்கள் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார்கள். செய்தவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய வைரஸ் அதற்குப் பிறகு ஒன்று வந்ததாக நான் அறியேன். அடுத்து 1990இல் இந்தியாவிலிருந்து 'ஜோஷி' வந்தது. ஜனவரி 5ஆம் தேதி கணினியை நிறுத்திவைத்து, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும். சென்னை ரிச்சி தெருவோ கொழும்போ மார்க்கமோ, எங்கே பெட்டி பூட்டினாலும் வழி ஒன்றுதான். திருத்த வந்த கணினியில் போட்ட வட்டைப் புதுக் கணினியில் போட்டால் போதும். அதனால் மேசையில் ஒரு சட்டம் இருந்தது. திருத்தும் பக்கத்து வட்டு, புதுப் பெட்டிப் பக்கத்துக்கு வரக்கூடாது. மூல வட்டின் ஓரப் பள்ளத்தில் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டி, எழுத முடியாதபடி அடைத்து, லாச்சியில் வைத்துப் பூட்டுவோம். சாவி மேற்பார்வையாளரிடம் இருக்கும்.

1992 மார்ச் 6ஐ அந்தக் காலத்தவர்கள் மறக்கமாட்டார்கள். மைக்கலாஞ்சலோ என்ற வைரஸ் அன்று ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும் என்று பத்திரிகைகள் பல வாரங்களாக எழுதின. லட்சக்கணக்கான கணினிகள் போகும் என்றார்கள், போனது அதில் மிகச் சிறிய பங்குதான். எனக்கு அதில் முக்கியம் வேறொன்று. அந்த ஜனவரியில் லீடிங் எட்ஜ் என்ற பெரிய விற்பனையாளர் அந்த வைரஸோடு சுமார் 500 கணினிகளை அனுப்பிவிட்டதாக ஒத்துக்கொண்டார். இன்டெல் நிறுவனமே அச்சுப்பொறிக்கான தன் மென்பொருள் வட்டுகளில் 800 அளவில் அதே வைரஸோடு அனுப்பிவிட்டது. கறுப்பு ஒட்டுத்தாளும் பூட்டிய லாச்சியும் வைத்திருந்த சின்னத் தொழிற்கூடம் அந்த மாதத்தில் இன்டெல்லைவிடச் சுத்தமாக இருந்திருக்க முடியும். இருந்ததா என்பதை அளந்து பார்க்க வாங்குபவரிடம் எந்த வழியும் இல்லை. இந்தத் தொழிலின் நீண்ட குறை அதுதான்.

அடுத்தது இன்னும் ஆழத்தில் வந்தது. பழைய கணினிகளில் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் ஒரு சில்லில் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும். அழிக்க வேண்டுமானால் கழற்றி எடுத்துப் புறஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டும். 1990களின் நடுவில் ஃபிளாஷ் சில்லு வந்தது. கணினியை ஓட்டிக்கொண்டே பயாஸைப் புதுப்பிக்கலாம் என்றானது. எங்களுக்குப் பெரிய வசதி, கெட்டவனுக்கும் அதே வசதி. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் 1998இல் எழுதிய சிஐஎச் வைரஸ், செர்னோபில் விபத்து நடந்த அதே ஏப்ரல் 26ஐ நாளாக வைத்துக்கொண்டு, 1999இல் உலகம் முழுவதும் வெடித்தது. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கத்தை அழித்ததோடு, சில வகை மதர்போர்டுகளில் பயாஸையும் குப்பையாக்கியது. மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும்.

அந்த வாரம் எங்கள் இழுகதவடியில் பெட்டிகள் அடுக்கடுக்காக வந்து சேர்ந்தன. சில்லு சொக்கெட்டில் இருந்தால் காப்பாற்றலாம். அதே மாதிரி மதர்போர்ட் ஒன்றை நல்ல சில்லோடு தொடங்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லைக் கழற்றிவிட்டு, செத்த சில்லை அந்த இடத்தில் செருகி எழுதுவோம். பயாஸ் அதற்குள் நினைவகத்துக்கு ஏறியிருக்கும் என்பதால் கணினி நிற்காது. கை நடுங்கினால் இரண்டும் போய்விடும். அங்கே வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் மூச்சுக்கூட விடாமல் அதைச் செய்வார், நாங்கள் சுற்றி நிற்போம். சின்னத் தொழிற்கூடத்துக்கு இதில் ஒரு பலம் இருந்தது. தான் விற்ற மதர்போர்டிலேயே இன்னும் சில அதன் தட்டில் கிடந்தன. சில்லு பற்றாசு வைத்து ஒட்டியிருந்தால் மட்டும் போர்டையே தூக்கி எறிய வேண்டியதுதான். சில போர்டுகளில் பயாஸை எழுதவிடாமல் தடுக்கும் ஒரு சின்ன ஜம்பர் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பெட்டிகளில், இருந்த இடத்திலெல்லாம் அதைத் தடுக்கும் நிலையில் வைத்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டினேன்.

வைரஸ் வெடித்ததற்கு முந்திய மாதம், மார்ச் 1999இல், ஐபிஎம் ஆயிரக்கணக்கான ஆப்டிவா கணினிகளை அதே சிஐஎச் வைரஸோடு தொழிற்சாலையிலிருந்து அனுப்பியிருந்தது. உலகத்தின் மிகப் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்று. பெயரும் கட்டடமும் பாதுகாப்புக்குச் சாட்சி ஆகா என்று நான் முடிவெடுத்தது அந்த வசந்தத்தில்தான். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐபிஎம் அதை அறிவித்தது. எந்தக் கணினிகள், என்ன செய்ய வேண்டும் என்று வாங்கியவர்களுக்குச் சொன்னது. அதே தவறு ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் நடந்திருந்தால் எத்தனை பேர் வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள்? ஃபக்ஸில் அன்றாட விலைப்பட்டியல் அனுப்பத் தெரிந்தவர்களில் எவரும் அப்படி ஒரு ஃபக்ஸை அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

இந்தக் காலத்தில் வியாபாரத்தின் முகமும் மாறிக்கொண்டிருந்தது. 1997இல் ஹொங்கொங் சீனாவிடம் திரும்பப் போவதற்கு முன்பு, அங்கிருந்து குடும்பம் குடும்பமாக மார்க்கத்துக்கு வந்தார்கள். அதே ஆண்டில் ஸ்டீல்ஸும் கெனடி வீதியும் சந்திக்கும் மூலையில் பசிஃபிக் மோல் திறந்தது. கொலிஜ் வீதிக்குப் போய் நின்ற கூட்டத்தில் பாதி இங்கே திரும்பியது. சின்னச் சின்னக் கண்ணாடிக் கடைகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் அல்லது இருவர். 'ரொறன்ரோ கம்ப்யூட்ஸ்' என்ற இலவச மாத இதழின் விளம்பரங்களைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு சனம் விலை பேசும். விலை போட்டி கடுமையானதும் முதலில் வெட்டப்பட்டது சோதனை நேரம். இரண்டு நாள் ஓட்டம் ஓர் இரவாகி, பிறகு ஒரு மணித்தியாலமானது. அடுத்து வெட்டப்பட்டது விண்டோஸ் உரிமம். களவு இலக்கம் போட்ட விண்டோஸை 'இலவசமாக' ஏற்றிக் கொடுத்தார்கள். அது வாங்குபவருக்கு லாபமாகத்தான் தெரிந்தது. ஆனால் 2002இல் வந்த எக்ஸ்பியின் முதல் சேர்வீஸ் பேக், களவாகப் பரவிய இலக்கங்களில் ஏற மறுத்தது. திருத்தம் ஏறாத கணினி திறந்த வீடு.

2003 ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை, பிளாஸ்டர் புழு பரவத் தொடங்கியது. கணினி அறுபது விநாடியில் மூடப்போகிறது என்று ஓர் அறிவிப்பு திரையில் வரும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வாரம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். வியாழன் பின்னேரம் நாலு மணிக்குச் சற்றுப் பிறகு ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் மின்சாரமே போனது. இருட்டில், திருத்தாத பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, இந்த இரண்டும் ஒன்றா என்று ஆளை ஆள் கேட்டோம். மின்தடைக்கு வைரஸ் காரணமில்லை என்று பின்னர் விசாரணை சொன்னது. ஆனாலும் ஒரு கடைக்காரர் மிச்சம் பிடித்த உரிமக் காசு ஊரையே தொடக்கூடும் என்ற பயம் எனக்கு அன்றுதான் முதன்முதலாக வந்தது.

ஏ.டி.ஐயையும் இந்த இடத்தில் விட்டுவிட முடியாது. விண்டோஸ் விஸ்டா வந்தபோது, அதன் 64-பிட் பதிப்பு கையொப்பமிடாத டிரைவர் மென்பொருளைத் தன் கருவுக்குள் விடமாட்டேன் என்றது. 2007இல் அலெக்ஸ் அயனெஸ்கு என்ற ஆய்வாளர், ஏ.டி.ஐயின் முறையாகக் கையொப்பமிட்ட டிரைவர் ஒன்றில் இருந்த ஓட்டை வழியாக எதையும் உள்ளே விடலாம் என்று காட்டினார். காவல்காரனுக்குத் தெரிந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு திருடன் உள்ளே போவதுதான் அது. அந்த டிரைவர் உலகமெங்கும் மடிக்கணினிகளில் ஏறியிருந்தது. திருத்தம் விரைவில் வந்தது. மார்க்கத்தில் பிறந்த மென்பொருள் உலகத்துக்கே திறப்பாக முடியும் என்பதை அயலில் இருந்த எங்களில் அதிகம் பேர் அப்போது கவனிக்கவில்லை. என் சோதனை மேசையில் வைத்து அதைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை என்பதை மட்டும் நான் கவனித்தேன். ஃபிளாப்பியை என் கண் பார்க்கும். பயாஸ் சில்லை என் கை கழற்றும். கையொப்பமிட்ட டிரைவருக்குள் எனக்கு என்ன தெரியும்?

யூனியன்வில்லின் பழைய கதை ஒன்று எனக்கு இதில் உதவுகிறது. வில்லியம் பெர்ட்ஸி கூட்டிவந்த ஜெர்மன் குடும்பங்கள் 1794இல் இந்தப் பக்கம் குடியேறின. 1841ஆம் ஆண்டளவில் ஐரா வைட் கட்டிய யூனியன் மில்ஸ் என்ற மா ஆலையைச் சுற்றித்தான் கிராமம் எழுந்தது. ஆலைக்காரர் கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். மூட்டையை உள்ளே கொடுத்துவிட்டு மாவாகத் திரும்பப் பெறும் விவசாயிக்கு, நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. ஆகவே 1792இலேயே, மேல் கனடாவின் முதல் சட்டசபை கூடிய அதே ஆண்டில், ஆலைக்காரர் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். வாங்குபவர் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், விற்பவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பச் சொல்லி அவர்கள் விட்டுவிடவில்லை. கணினிப் பெட்டியின் உட்புறத்துக்கு அப்படி ஒரு சட்டம் வர எத்தனை ஆண்டு போயிற்று பாருங்கள். கனடாவில் இன்னும் வரவில்லை.

வராததன் விலையை எங்கள் ஆட்களின் வரவேற்பறைகளிலேயே பார்க்கிறேன். தமிழ்ச் சனல்களும் புதுப் படங்களும் பார்க்க, சின்னக் கறுப்பு ஆண்ட்ராய்ட் பெட்டி ஒன்று தொலைக்காட்சிக்குக் கீழே இல்லாத வீடு குறைவு. "அன்ரி, ஒருக்காக் காசு குடுத்தாச் சரி, மாதக் காசே இல்லை, எல்லாச் சனலும் வருது" என்று மருமகன் முறையான ஒருவர் எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தார். "தம்பி, இதைச் செய்தவன் ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை. நான் அதை வீட்டு இணையத்தில் கொளுவவிடவில்லை.

2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த டேனியல் மிலிசிக் என்ற பாதுகாப்பு ஆலோசகர், அமேசானில் வாங்கிய டி95 என்ற பெட்டி, உறையை உடைத்து எடுக்கும்போதே தீயமென்பொருளோடு இருந்ததை வெளியிட்டார். அந்த ஒக்டோபரில் ஹியூமன் செக்கியூரிட்டி நிறுவனம் இதன் பின்னாலிருந்த வலையமைப்புக்கு 'பேட்பொக்ஸ்' என்று பெயரிட்டு விரிவாக எழுதியது. 2024 டிசம்பரில் ஜெர்மன் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு தன் நாட்டில் சுமார் 30,000 கருவிகள் கட்டளை வாங்கும் வழியை அடைத்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொது எச்சரிக்கை விட்டது. இந்தப் பெட்டி படம் காட்டிக்கொண்டே இருக்கும். அதேநேரம் உங்கள் வீட்டு இணைய இணைப்பை யாரோ ஒருவருக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கும். அவர் அங்கிருந்து செய்யும் மோசடிக்கு உங்கள் முகவரிதான் தடயம். பழைய பெட்டி பூட்டுகிறவரிடம் போய்ச் சண்டை பிடிக்கலாம். இதில் சண்டை பிடிக்க ஆள் இல்லை.

கணினிகளிலும் இதே நடந்தது. 2024 பிப்ரவரியில், ஏஸ்மேஜிக் என்ற பெயரில் விற்ற சின்ன மேசைக்கணினிகள் சிலவற்றில் கடவுச்சொல் திருடும் மென்பொருள் தொழிற்சாலையிலிருந்தே ஏறியிருந்தது தெரியவந்தது. கணினி விரைவாகத் தொடங்குவதற்காக விண்டோஸில் தாங்கள் செய்த மாற்றங்களை நிறுவனம் காரணமாகச் சொன்னது. கறுப்பு ஒட்டுத்தாளும் பூட்டிய லாச்சியும் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலையின் மூலப் பிரதி இருக்கிறது. அதை யார் தொட்டார்கள், யாரிடம் சாவி என்ற கேள்வி மாறவே இல்லை.

சாவி என்றதும் பிகேஃபெயில் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரியவர், சின்னவர் என்ற பிரிவை இதைவிடத் தெளிவாக உடைத்த சம்பவம் எனக்குத் தெரியாது. இந்தியாவிலிருந்து போன சுப்ரமோனியன் சங்கர் 1985இல் அமெரிக்காவில் கூட்டாகத் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், எங்கள் பெட்டிகளில் பாதிக்கு பயாஸ் கொடுத்த நிறுவனம். கணினியைத் திறந்ததும் திரையில் வரும் அதன் மூன்றெழுத்து, பெட்டி பூட்டியவர்களுக்கெல்லாம் பழக்கமானது. இன்றைய கணினி தொடங்கும்போது, தனக்குள் ஏறும் மென்பொருள் உண்மையானதா என்று ஒரு முதன்மைச் சாவியை வைத்துச் சரிபார்க்கும். மெகாட்ரெண்ட்ஸ் தன் மென்பொருளோடு சோதனைக்கு மட்டும் ஒரு மாதிரிச் சாவி கொடுத்தது. 'நம்ப வேண்டாம்' என்று அந்தச் சாவியின் பெயரிலேயே ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. விற்பனைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு தயாரிப்பாளரும் அதை எடுத்துவிட்டுத் தன் சொந்தச் சாவியை வைக்க வேண்டும். பலர் வைக்கவில்லை. சாவியின் இரகசியப் பகுதி இணையத்தில் கசிந்தும் போனது. 2024 ஜூலையில் பைனார்லி என்ற ஆய்வு நிறுவனம் இதை வெளியிட்டபோது, ஏசர், டெல், கிகாபைட், இன்டெல், சுப்பர்மைக்ரோ என்று பெரும் பெயர்களின் 200க்கும் மேற்பட்ட மாதிரிகளில் அந்தச் சாவி அப்படியே இருந்தது. சோதனை மேசையில் கடைசியாகச் செய்ய வேண்டிய ஒரு வேலை, எழுதி ஒட்டிய எச்சரிக்கையோடு, ஆண்டுக்கணக்காக விடுபட்டிருக்கிறது. சோதனை மேசையில் நின்ற எவருக்கும் இது கோபம் தரும். எனக்கு இன்னும் தருகிறது.

அப்படியானால் இரண்டு சின்ன விற்பனையாளர்களை எப்படி ஒப்பிடுவது? சான்றிதழைப் பார்க்கச் சொல்வார்கள். கனடா இந்த வேலையில் பின்தங்கிய நாடு இல்லை. 1993இலேயே கணினிப் பொருள்களை மதிப்பிடத் தனக்கென ஓர் அளவுகோல் வெளியிட்டது. 1995இலிருந்து மறைகுறியாக்கக் கருவிகளுக்கான சான்றிதழை அமெரிக்காவோடு சேர்ந்து வழங்குகிறது. ஆனால் அந்தச் சோதனைகளுக்குச் செலவு அதிகம், காலம் அதிகம். தொழிற்கூடத்தில் ஏழெட்டுப் பேரை வைத்திருப்பவருக்கு எட்டாது. 2019இல் வந்த சைபர்செக்யூர் கனடா சின்ன நிறுவனங்களுக்கென்றே வந்த திட்டம், நல்ல திட்டம். ஆனால் அது கடைக்காரர் தன் அலுவலகத்தை எப்படிக் காக்கிறார் என்று பார்க்கிறது. அவர் விற்கும் பெட்டியைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக் கதவில் அந்தச் சின்னத்தைக் கண்டுவிட்டு மதர்போர்டை நம்பிவிடக்கூடாது.

வெளியான குறைகளின் பட்டியலை எண்ணிப் பார்ப்பது இன்னொரு வழி. ஒருவருடைய பெயரில் நாற்பது குறைகள், மற்றவர் பெயரில் ஒன்றுமில்லை. பலர் ஒன்றுமில்லாதவரைத் தேர்கிறார்கள். நான் நேர்மாறாக யோசிக்கிறேன். குறைகள் வெளியாகித் திருத்தமும் வந்த இடத்தில், யாரோ தேடியிருக்கிறார்கள், யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். வெற்றுப் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் தேடவில்லை. ஃபிரேம்வேர்க் என்ற சின்ன மடிக்கணினி நிறுவனம் பயாஸ் திருத்தங்களைத் தாமதமாகத் தருகிறது என்று 2024இல் விமர்சிக்கப்பட்டபோது, குறையை ஒத்துக்கொண்டு அதற்கு ஆள் போடத் தொடங்கியதைச் சொன்னது. அந்தப் பதிலுக்கு என் கணக்கில் மதிப்பு உண்டு. 2023 மே மாதம் கிகாபைட்டின் நூற்றுக்கணக்கான மதர்போர்ட் மாதிரிகளில் புதுப்பித்தல் பொறிமுறை பாதுகாப்பில்லாமல் இருந்ததை எக்ளிப்சியம் வெளியிட்டது. சில நாட்களிலேயே திருத்தம் வந்தது. அதற்கும் உண்டு.

பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் மூன்று விஷயங்களைச் சட்டமாக்கியது. இணையத்தில் இணையும் வீட்டுப் பொருள்களில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் கூடாது, குறை கண்டவர் யாரிடம் சொல்வது என்று வெளியிட வேண்டும், எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் விரிவான சட்டத்தை 2024 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2026 செப்டம்பர் 11 முதல், சுரண்டப்படும் ஓட்டைகளைத் தயாரிப்பாளர் அறிவித்தாக வேண்டும். 2027 டிசம்பர் 11 முதல் முழுப் பொறுப்பும் வரும், இறக்குமதி செய்பவருக்கும் பொறுப்பு உண்டு. மார்க்கத்தின் தொழிற்கூடங்கள் அனைத்தும் இறக்குமதி செய்பவைதான். ஒட்டாவா இப்படி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வரும்வரை அந்தக் கேள்விகளை நாமே கேட்கலாம். கேட்க யாரும் தடையில்லை.

சமீபத்தில் ஒரு பல் மருத்துவமனைக்காக இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் வார்டனுக்குப் பக்கத்தில் இன்னும் பெட்டி பூட்டுகிறவர். மற்றவர் இணையத்தில் மட்டும் விற்பவர், விலை கணிசமாகக் குறைவு. இருவருக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன். பயாஸின் திருத்தம் எந்த ஆண்டு வரை வரும், முதன்மைச் சாவி யாருடையது, விண்டோஸின் மூலப் பிரதியை யார் எங்கே செய்தார்கள், நாங்கள் ஒரு குறை கண்டால் எந்த முகவரிக்கு எழுதுவது. இணைய விற்பனையாளரிடமிருந்து உடனே பதில் வந்தது. தங்கள் பொருள் முற்றிலும் பாதுகாப்பானது என்று ஒரு வரி, கூடவே மின்பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று. பெட்டி பூட்டுகிறவர் சில நாள் எடுத்தார். சாவி பற்றிய கேள்வி தனக்குப் புதிது என்றும், தைவானுக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும் முதலில் சொன்னார். பிறகு மதர்போர்டின் மாதிரி இலக்கம், சாவி மாற்றப்பட்ட பயாஸ் பதிப்பு, திருத்தம் வரும் காலம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். மைக்ரோசொஃப்ட்டிலிருந்து நேரே இறக்கிய பிரதியைத் தன் மேசையில் தானே ஏற்றுவதாகவும், விரும்பினால் வந்து பார்க்கலாம் என்றும் சேர்த்திருந்தார்.

மருத்துவர் அம்மா விலை வித்தியாசத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். நோயாளிகளின் கோப்புகள் எந்தக் கணினியில் இருக்கப்போகின்றன என்பதைச் சொன்னேன். வார்டன்காரரிடமே எல்லாப் பெட்டிகளையும் எடுத்தோம். ஏன் எடுக்கவில்லை என்பதை மற்றவருக்கும் விவரமாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.